செல்வம் அண்ணன் சொன்ன இரண்டாம் பாகம்

பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டு மளிகைக்கடையில் பெருங்காயம் கேட்டுக்கொண்டு நின்றபோது கைப்பேசி அடித்தது. திருச்செல்வம் அண்ணனின் மகன் குமரன் பேசினான். “ஆன்ட்டி, அப்பா போய்ட்டாரு. காலையில பசியாறிட்டு பேப்பரோட உட்காந்தாரு. அப்படியே சாஞ்சிட்டாரு” என்றான். என்ன கேட்பதென்று தெரியாமல், “என்ன பசியாறினாரு?” என்று கேட்டேன். “இடியப்பம் ஆன்ட்டி, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு” என்று அவனும் பொறுப்பாகப் பதில் சொன்னான். கடைக்காரர் பெருங்காயத்தை நீட்டியபடி காத்திருந்தார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு குவீன் ஸ்திரீட்டு முனைவரை நடந்தேன். அங்கே ஒரு கடையில் வழக்கம்போல் சினிமாப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. உள்ளே போய் நிறுத்தச் சொல்லிச் சண்டை போடலாம் போல இருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். கட்டையான உருவம், தடித்த கண்ணாடி, எந்நேரமும் இஸ்திரி கலையாத சட்டை. நாங்கள் செய்து அனுப்பும் சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சந்தேகம் இருந்தால் தயங்காமல் கழித்துவிடுவார். அதனால் உற்பத்தி வரிசையில் நின்ற எங்களுக்கு அவரை ஆரம்பத்தில் கண்டாலே ஆகாது. நான் அவரை மனதுக்குள் என்னென்னவோ திட்டியிருக்கிறேன். அதை இப்போது எழுதினால் குமரன் வருத்தப்படுவான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அப்பா பட்டர்வொர்த்தில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர். அப்பாவின் மேலதிகாரியான வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது ஒரு மரப்பெட்டி நிறையப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனாராம். எல்லாம் பழைய பிரெஞ்சு நாவல்கள், ஆங்கில மொழிபெயர்ப்பில். பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மீதியைச் செல்வம் அண்ணன் தின்றார். ஏன் அண்ணே அந்த நாட்டுக் கதையையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “மத்தவன் நாவல்ல கடைசியில கல்யாணம் நடக்கும். பிரெஞ்சுக்காரன் நாவல்ல கல்யாணத்துக்கு அப்புறந்தான் கதையே ஆரம்பிக்கும். எது நெசம்னு நீயே சொல்லு” என்றார். கல்யாணமான பெண்கள் நிறைந்த பஸ்ஸில் அதற்கு யார் மறுப்புச் சொல்வார்கள்?

ஆமாம், பஸ். ஜெலுத்தோங்கில் எங்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் போகும் ஃபேக்டரி பஸ்ஸில்தான் எல்லாம் நடந்தது. ஒரு மழைநாளில் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டு நகராமல் நின்றபோது, பொழுது போக அவர் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தைச் சொன்னார். மறுநாள் பாப்பாத்தி அக்கா ஏறியதும் ஏறாததுமாக, “அப்புறம் அந்தக் கடங்காரன் என்ன செஞ்சான் அண்ணே?” என்று கேட்டார். பாப்பாத்தி அக்கா எங்கள் வரிசையிலேயே மூத்தவர், வாய் பெரியது, மனசும் பெரியது. அவர் கேட்டுவிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படித் தொடங்கியது பல வருடம் ஓடியது.

அதற்குச் செல்வம் அண்ணன் ஒரு சட்டம் வைத்திருந்தார். போகும்போது பிரெஞ்சு நாவல், திரும்பும்போது சண்டைப் படம். “காலையில புத்தகம். அதுல ஒரு எழுத்து கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். எழுதினவன் செத்துப் போய்ட்டான், அவனால வந்து சண்டை போட முடியாது. நாமதான் மரியாதையா நடந்துக்கணும். சாயங்காலம் படம். அது எடுத்தவனெல்லாம் உசுரோட இருக்கான், என்ன வேணும்னாலும் சொல்லலாம் லா.”

சொன்னபடியே செய்தார். காலையில் ஒரு பாத்திரத்தின் தொப்பி என்ன நிறம் என்று யாராவது கேட்டால்கூட, “புத்தகத்துல சொல்லல” என்பார். சாயங்காலமானால் அதே மனிதர் கூசாமல் புளுகுவார். படத்தில் இருபது அடியாள் என்றால் சுங்கை நிபோங் தாண்டுவதற்குள் ஐம்பது ஆகிவிடும். ஹெலிகாப்டரிலிருந்து குதித்த கதாநாயகன் நேரே பினாங்குப் பாலத்தில் இறங்கி, பக்கத்தில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுத்தான் வில்லனைத் தேடிப் போவான். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணன் உதைத்துக் காட்டியதில் ஒருநாள் செருப்பு கழன்று பறந்தது. “அண்ணே, வில்லன உதைங்க, வேணாங்கல. என் சாப்பாட்டு டப்பாவ உதைக்காதீங்க” என்றார் பாப்பாத்தி அக்கா. எங்கள் டிரைவர் பாக் டின் மலாய்க்காரர். பாதி புரிந்தும் புரியாமலும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “அப்பா ஜாடி, செல்வம்?” என்பார். என்ன ஆச்சு என்று அர்த்தம். கதை முக்கியமான இடத்தில் இருந்தால் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார். வருகை அட்டையைத் தாமதமாகப் பதிந்ததற்குச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது நாங்கள்.

சண்டைப் படங்களை அவர் விளையாட்டாக ரசித்தார் என்று நினைக்க வேண்டாம். பினாங்கு ரோட்டுத் தியேட்டர்களில் வந்த எதையும் விட்டதில்லை. “அடி வாங்கினவன் எந்திரிச்சு நிக்கிறான் பாரு, அதுக்குத்தான் காசு கொடுத்துப் போறேன். நாவல்ல விழுந்தவ விழுந்தவதான். மனுஷனுக்கு ரெண்டும் வேணும்” என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது என் கதைக்கு வர வேண்டும், வேறு வழியில்லை. நான் பைராம் தோட்டத்துப் பெண். நிபோங் திபாலில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த மனிதரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அவருக்கு அந்த மரியாதைகூடத் தேவையில்லை. கைக்குழந்தையோடு ஜெலுத்தோங்கில் என் அக்கா வீட்டுக்கு வந்து, தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாரம் தவறாமல் பெரியவர்கள் சிலர் வந்து சமாதானம் பேசிவிட்டுப் போனார்கள். கடைசியாக, வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்லிவிட வேண்டும் என்று கெடு வைத்தார்கள். என் அக்காவுக்கும் இடம் போதாத வீடு. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். பஸ்ஸில் எதுதான் தெரியாமல் இருந்தது?

அந்தச் சமயத்தில் செல்வம் அண்ணன் காலையில் சொல்லிக்கொண்டிருந்தது கிளேர் என்ற பெண்ணின் கதை. நாவலின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் தேடிப் பிடித்து வாசிப்பீர்கள், அப்புறம் என்னைப் போல் வயிறெரிவீர்கள். பிரான்சின் தெற்கே ஒரு சிற்றூர். கிளேரின் கணவன் திராட்சைத் தோட்டக்காரன், வைன் செய்பவன். வெயில் படும் சரிவில் விளைந்த திராட்சைக்கு ஒரு ருசி, ஆற்றோரத்துத் திராட்சைக்கு வேறு ருசி, நாக்கில் வைத்தால் ஊரே தெரியும் என்று அண்ணன் அதை மட்டும் இரண்டு காலை சொன்னார். “கள்ளு மாதிரிங்களா அண்ணே?” என்று பாப்பாத்தி அக்கா கேட்டதில் கோபித்துக்கொண்டு பத்து உபான் ஸ்டாப் வரைக்கும் பேசவில்லை. இத்தனைக்கும் மனிதர் அதுவரை ஒரு சொட்டுக் குடித்ததில்லை. டவுனில் ஒரு சீனர் கடையில் காலிப் புட்டிகளை வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த தாளை உரித்துச் சேர்த்து வைத்திருந்தார். ஊர்ப் பெயர்களை அதில்தான் படித்தார். “மனுஷர் வாயில நுழையாத ஊரெல்லாம் சொல்லுவாரு, கடைக்கு அனுப்பினா கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வித்தியாசம் தெரியாது” என்பார் அவருடைய மனைவி கமலா அக்கா.

கிளேரின் கணவன் தோட்டத்தைக் கொஞ்சுவான், மனைவியை அடிப்பான். ஒருநாள் அவள் கிளம்பிப் போய் ஒரு சிநேகிதி வீட்டில் தங்குகிறாள். எங்கள் பஸ்ஸில் அவளுக்குக் கிளி என்று பெயர். கிளி என்ன செய்யப் போகிறாள் என்ற கவலையில் பலருக்கு வேலை ஓடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பாப்பாத்தி அக்கா தலைமையில் குவீன் ஸ்திரீட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினோம். குருக்கள் பெயர் கேட்டார். “கிளி” என்றார் அக்கா. நட்சத்திரம் கேட்டார். “அது தெரியலீங்க சாமி. பொண்ணு வெளியூரு” என்றார். குருக்கள் அர்ச்சனையைச் செய்து தேங்காய் மூடியைக் கொடுத்தார். அதை உடைத்து எல்லோரும் தின்றோம்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் கதை முடிந்தது. குளிர்காலம். கிளி நடந்தே ஊருக்குத் திரும்புகிறாள். திராட்சைக் கொடிகள் எல்லாம் வெறும் குச்சியாக நிற்கின்றன. கணவன் கதவைத் திறக்கிறான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். “அவ்வளவுதான்” என்றார் அண்ணன். நான் அவருக்குப் பின் இருக்கையில் இருந்தேன். “அவளே போய்ட்டாளா. அப்ப சரி, நானும் போய்க்கிறேன்” என்றேன். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதுதான். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலம் தலைவலி என்று படமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், வண்டி கிளம்பியதுமே எழுந்து நின்றார். “நேத்து முடிஞ்சது முதல் பாகம். ரெண்டாம் பாகம் இருக்கு, சொல்ல மறந்துட்டேன்” என்றார். பாப்பாத்தி அக்கா, “இத மறப்பாரா ஒரு மனுஷன்?” என்று சத்தம் போட்டார். அண்ணன் தொடங்கினார். மறுநாள் விடியும் முன்னால், கணவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, கிளி கதவைத் திறந்து வெளியே வருகிறாள். இந்தமுறை சிநேகிதி வீட்டுக்குப் போகவில்லை. துறைமுக ஊருக்குப் போகும் வண்டியில் ஏறிவிடுகிறாள். “யார்கிட்டயும் கேக்கல. யாருக்கும் பதில் சொல்லல” என்று அண்ணன் சொன்னபோது குரல் கொஞ்சம் நடுங்கியது. கதையில் ஒன்றிவிட்டார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வந்தார்கள். தேநீர் கொடுத்தேன். வரமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய காரியம் அதுதான், அதற்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாம் பாகம் தீபாவளி தாண்டியும் ஓடியது. கிளி ஒரு கடையில் புட்டி கழுவினாள், பிறகு சொந்தமாகச் சின்ன வைன் கடை வைத்தாள். தகராறு செய்த ஒரு முரடனைப் புட்டியாலேயே போட்டாள். காலைக் கதைக்குள் சண்டை வந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடைசியில் கணவன் தேடி வருகிறான். அவன் ஊர் வைனையே ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து, “குடிச்சாச்சுன்னா கெளம்பு, கடைய சாத்தணும்” என்கிறாள். பஸ் முழுக்கக் கைதட்டியது. பாக் டின் காரணம் தெரியாமலே ஹாரன் அடித்தார்.

அண்ணன் பணி ஓய்வு பெற்றபோது பாப்பாத்தி அக்கா வீட்டில் விருந்து வைத்தோம். எல்லோருமாகச் சேர்ந்து அந்தக் கதையில் வரும் பகுதியிலிருந்தே ஒரு புட்டி வைன் வாங்கியிருந்தோம். கமலா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் தடுக்கவில்லை. அண்ணன் கோப்பையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார். நாங்கள் காத்திருந்தோம். “புளிச்ச ஜாதிக்காய்த் தண்ணி மாதிரி இருக்கு” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் அவர் அதை விடவில்லை. பிரெஞ்சுக்காரனுக்குத் திராட்சை, நமக்கு ஜாதிக்காய் என்று சொல்லி, பாலிக் புலாவுக்குப் போய்க் கூடை கூடையாக ஜாதிக்காய்ப் பழம் வாங்கிவந்து, சதையைப் பிழிந்து, ஆயர் ஈத்தாம் வீட்டில் வைன் போட ஆரம்பித்தார். மேட்டுத் தோட்டத்துக் காய் தனி, ஓடைப் பக்கத்துக் காய் தனி. ஒவ்வொரு புட்டியிலும் எந்தத் தோட்டம் என்று தன் கையால் எழுதி ஒட்டுவார். ஒரு தீபாவளிக் காலையில் மூன்று புட்டி வெடித்துச் சிதறியது. பட்டாசு என்று நினைத்த கமலா அக்கா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் திட்டிவிட்டார். வைன் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். அண்ணன் போய்விட்டார் என்பதற்காக நான் பொய் சொல்ல முடியாது.

பொய் என்றதும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் ஓய்வு பெற்ற பிறகு, சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடையில் அந்த நாவலைப் பார்த்தேன். மூலையெல்லாம் மடிந்த ஆங்கிலப் பிரதி. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் வாசித்தேன். செல்வம் அண்ணன் சொன்னது வரிக்கு வரி அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் கிளேர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கடைக்காரரிடம் போய் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்றார்.

நேரே ஆயர் ஈத்தாமுக்குப் போனேன். அண்ணன் பின்கட்டில் வைனை வடிகட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தை அவர் முன்னால் வைத்தேன். ஒரு பார்வை பார்த்தார்.

“அச்சு சின்னதா இருக்குமே, கண்ணு வலிக்கலியா?” என்றார்.

“ரெண்டாம் பாகம் எங்கண்ணே?”

“இல்ல.”

“ஒரு எழுத்து கூட்டமாட்டேன்னு சொன்ன மனுஷர்தானே நீங்க?”

அண்ணன் துணியைப் பிழிந்து உதறினார். “வாழ்நாள் முழுக்க என்ன வேல பாத்தேன்? சரியில்லாதத கழிச்சேன். அந்தக் கடைசி அத்தியாயம் சரியில்ல. ரிஜெக்ட் பண்ணிட்டேன். அவ்வளவுதான் சரசு.”

“எனக்காகவா?”

“உனக்காகன்னு யாரு சொன்னா? பேசாம இதக் குடிச்சுப் பாரு, ஓடைப் பக்கத்துக் காய்.”

குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வைனின் புளிப்பு என்று அவரும் நினைத்துக்கொண்டார், நானும் அப்படியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

அந்தப் பொய் எனக்கென்றே சொன்னது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் ஒரு கர்வம்கூட இருந்தது. இறுதிச் சடங்கன்று அவர் வீட்டுக் கூடத்தில் பாப்பாத்தி அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அவருக்கு நடக்கக் கைத்தடி வேண்டும், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் அன்று மெதுவாகப் பேசினார்.

“சரசு, யார்ட்டயும் சொல்லாதது ஒண்ணு சொல்லவா? கிளி கதை சொன்னாருல்ல, அப்ப எம் பொண்ணு தேவி கட்டிக்கொடுத்த எடத்துலேருந்து ஓடி வந்திருந்தா. முதுகெல்லாம் தடிப்பு. பஸ்ல நான் மூச்சு விடல. உன் விஷயத்தையே எல்லாரும் எப்படிப் பேசினாளுங்கன்னு பாத்தேனே. பொம்பளன்னா பொறுத்துத்தான் போவணும்னு அவளுக்குப் புத்தி சொல்லி, சனிக்கிழம கொண்டுபோய் விட கார் பேசி வெச்சிருந்தேன். கிளி திரும்பிப் போய்ட்டான்னு அண்ணன் சொன்ன அன்னிக்கு, பாத்தியா, அவளே போய்ட்டான்னு தேவிகிட்டப் போய்ச் சொன்னேன். பெத்தவ செய்ற வேலையா அது? மறுநாள் ரெண்டாம் பாகம்னாரு. வீட்டுக்குப் போன கையோட கார வேணாம்னு சொல்லிட்டேன். நல்லவேள, அந்தப் புத்தகத்துக்கு ரெண்டாம் பாகம் இருந்துச்சு.”

எனக்கு முதலில் எழுந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் பொறாமைதான். பிறகு அதுவும் போய்விட்டது. தேவி தட்டில் தேநீர் கொண்டு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள், தலையில் நரை, காதில் சின்னத் தோடு. “ஒங்களுக்கு சீனி கம்மியா போட்டிருக்கேன் அக்கா” என்றாள். வாங்கிக் குடித்தேன்.

பாப்பாத்தி அக்கா பத்திரிகையில் இரங்கல் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா, அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பாகம் கிடையாது. கிளி புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போனாள், கதை அத்தோடு சரி. மிச்சத்தையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து யோசித்து, காலையில் பஸ்ஸில் வந்து சொன்னது நம் செல்வம் அண்ணன்.

அண்ணே, தேவியின் விஷயம் உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. பெண்கள் சுடலைக்கு வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள், நாங்கள் கேட்கவில்லை. பாப்பாத்தி அக்காவும் நானும் காரில் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பத்து லஞ்சாங் சுடலை வரைக்கும் உங்கள் வண்டியை விட்டுவிடாமல் பின்னாலேயே காரை ஓட்டி வந்தது தேவிதான். போய் வாருங்கள்.